உத்தரவுப்படி

அத்தியாயம் 14

ஆஜர்:

வேதநாயகம், ஓய்வுபெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்.
ஞானசௌந்தரி, மேற்படியாரின் மனைவி.
ஸ்வீட்லின், மகள், வழக்கறிஞர்.
ஜோஷுவா, மகன்.
ஜெபசீலன், மூத்த வழக்கறிஞர், குடும்ப நண்பர்.

வராதவர்: இல்லை.

இப்படி எழுதிவிட்டுத்தான் வேதநாயகம் பேனாவை மூடினார். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் கேஸ் கட்டுகளோடு கிடந்த மனிதர். வீட்டில் என்ன பேச்சு நடந்தாலும் முதலில் டைரியைத் திறந்து யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுவார். ஸ்வீட்லினுக்கு வந்த சம்பந்தத்தைத் தட்டிக் கழித்த நாளும் அந்த டைரியில்தான் இருக்கிறது, ஆஜர் பட்டியலோடு.

"நான் அடுப்படியிலதான நிக்கேன். என்னை எதுக்கு எழுதுதீங்க?" என்றாள் ஞானசௌந்தரி.

"காது இங்கனதான இருக்கு? ஆஜர்தான்."

"அந்த ஐயம்பெருமாள எழுதலியாப்பா? வராதவர்னு?" என்றான் ஜோஷுவா.

"அவருக்கு நோட்டீஸ் போகலியே லே. நோட்டீஸ் போனாத்தான் வராதவர்."

யாரும் சிரிக்கவில்லை. சொன்னவரும் சிரிக்கவில்லை.

பட்டியலில் சேராத ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. தகரப் பலகை. நேற்று ஜோஷுவா ஸ்பானர் வைத்துக் கழற்றிக்கொண்டு வந்தது. மஞ்சளில் கறுப்பு எழுத்து. ‘இது தனியார் இடம். டோக்கன் இன்றி நிறுத்தப்படும் வாகனங்கள் பூட்டப்பட்டு ரூ.500 அபராதம் விதிக்கப்படும்.’ அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: ‘உத்தரவுப்படி.’

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எதிரே வேதநாயகத்துக்குப் பன்னிரண்டு சென்ட் காலி இடம் உண்டு. மூன்று வருஷமாக ஜோஷுவா அதில் வண்டி நிறுத்தம் நடத்துகிறான். டோக்கன் எடுத்தால் இருபது ரூபாய். எடுக்காமல் விட்டுப் போனால் சக்கரத்தில் சங்கிலி, பூட்டு.

பன்னிரண்டு நாளுக்கு முன் சீவலப்பேரி ஐயம்பெருமாள் தன் குட்டியானை லோடு வண்டியை அங்கே விட்டார். டோக்கன் எடுக்கவில்லை. கொடுக்கவும் ஆளில்லை, ஜோஷுவா டீ குடிக்கப் போயிருந்தான். மனைவி சந்தனமாரிக்கு வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துவிட்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடினார். மூளையில் ரத்தக்கட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், கட்டைக் கரைக்கிற ஊசியை நேரத்துக்குள் போடணும் என்றார்கள். சக்கர நாற்காலியில் கொண்டுவந்து குட்டியானையின் முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு ஸ்கேன் ஆட்கள் திரும்பிப் போனார்கள். அப்புறம்தான் ஐயம்பெருமாள் சக்கரத்தைப் பார்த்தார்.

நாற்பது நிமிஷம். கையிலிருந்ததை ஸ்கேனுக்குக் கட்டிவிட்டார். கெஞ்சினார், கத்தினார். கடைசியில் மேலப்பாளையம் தாஜ் முகம்மது என்கிற ஆட்டோக்காரர் சந்தனமாரியைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். பெரியாஸ்பத்திரியில் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள்.

அவள் உயிரோடு இருக்கிறாள். பேச்சு இல்லை. வலது கையிலும் காலிலும் அசைவு இல்லை.

ஜெபசீலன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

"யாரு உத்தரவு, அண்ணாச்சி?"

பலகையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் வேதநாயகம்தான். எழுதும்போது அவருக்கு அது ஒரு சொல்லாகவே படவில்லை. முப்பத்தோரு வருஷமாக எந்த அறிவிப்பை எழுதினாலும் கடைசி வரியில் அதை எழுதித்தான் கை நிறுத்தும். பெயிண்டரிடம் கொடுத்த தாளிலும் கை அப்படியே எழுதிவிட்டது.

"நம்ம எடம்லா," என்றார் கடைசியில்.

"எடம் உம்மோடதுதான். யாரு இல்லன்னா? ஒருத்தன் வண்டிய விட்டுட்டுப் போனா எடுவேன்னு சொல்லலாம். நஷ்டம்னா கோர்ட்டுக்குப் போய்க் கேக்கலாம். போர்டப் படிச்சிட்டுத்தான் நிறுத்துனான், அதனால ஒத்துக்கிட்டான்னு வாதாடலாம். அவன் படிச்சான்னு நீரு நிரூபிக்கணும். நிரூபிச்சாலும் ஐநூறு எழுதிருக்கு, ஐநூறு குடுன்னு கேக்க முடியாது. நியாயமா எவ்வளவு நஷ்டமோ அதத்தான் ஜட்ஜு தருவாரு. இருபது ரூவா எடத்துக்கு என்ன நஷ்டம்? இருபது ரூவா."

"மூணு வருஷமா எல்லாரும் கட்டிட்டுத்தான போனாங்க," என்றான் ஜோஷுவா.

"பயந்து கட்டுனாங்கடே. பயந்து கட்டுனா சட்டமாயிருமா? அபராதம் அரசாங்கம் போடும், கோர்ட்டு போடும். வேதநாயகம் போட முடியாது. அதுல பூட்டு வேற. உள்ள ஆளிருக்கும்போது பூட்டித் திறக்க மாட்டேன்னா, அது வண்டியப் பூட்டுனது இல்ல. ஆளப் பூட்டுனது."

வேதநாயகம் மகளைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு டைரியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்தப் பார்வை என்னவென்று ஸ்வீட்லினுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் வந்தார். 'இது செல்லுமாம்மா?' என்று கேட்டார். அவள் ஒரு ஜாமீன் மனுவைத் தேடிக்கொண்டிருந்தாள். 'போர்டு வைங்கப்பா, போதும். படிச்சிட்டு நிறுத்துனா ஒத்துக்கிட்டதா அர்த்தம்' என்றாள். தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை. தகப்பனார் அதை மகள் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை, வக்கீல் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இப்போதும் அதைச் சபையில் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அது ஒன்று என்றால் அவள் தாங்கியிருப்பாள். இன்னொன்று இருந்தது.

ஜெபசீலன் கைப்பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"சாயந்தரம் நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ரெண்டு தரப்பையும் வரச் சொல்லிருக்காரு. ஐயம்பெருமாள் சமரசம்னு இதுல கையெழுத்துப் போட்டாருன்னா இதோட முடிச்சிரலாம்னு பாக்காரு. இல்லைன்னா எஃப்.ஐ.ஆர். ஜோஷுவா பேர்ல."

"அப்ப தோஹா?" என்றாள் ஞானசௌந்தரி அடுப்படியிலிருந்து.

"போலீஸ் சான்று கிடைக்காது, மைனி. கேஸ் முடியணும்."

ஜோஷுவாவுக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதி தோஹாவில் எலக்ட்ரீசியன் வேலை. பெட்டிகூட வாங்கியாயிற்று. ஞானசௌந்தரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"அந்த அம்மா நிலைமைக்கு அந்த நாப்பது நிமிஷம்தான் காரணம்னு எந்த டாக்டரும் எழுதித் தரல," என்றார் ஜெபசீலன். "அதையும் நெனப்புல வச்சுக்கோங்க."

வக்கீலாக அவர் சொன்னது சரி. காலையிலிருந்து பேசியதில் ஸ்வீட்லினுக்கு நாக்கில் கசந்தது அது ஒன்றுதான். ஏனென்றால் பன்னிரண்டு நாளாக ராத்திரி கண்ணை மூடும்போதெல்லாம் அவளும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வாரேன்," என்றாள்.

"வக்கீலா போகாத பிள்ள. கறுப்புக் கோட்ட வீட்ல வச்சிட்டுப் போ," என்றார் ஜெபசீலன்.

ஞானசௌந்தரி ஒரு பையில் ஆறு சாத்துக்குடி போட்டுக் கொடுத்தாள். சீக்காளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதாம்.

வெளியே ஜோஷுவா அவளுடைய ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தான்.

"அக்கா, பைய போ. அவரு திட்டுனா வாங்கிக்கோ. பதில் பேசாத."

"நீ எதுவும் சொல்லிரலியே? போன் பேசுனத."

"எந்தப் போனு?" என்றான் அவன். "நான் ஒருத்தர்ட்டயும் பேசல. நானா திறக்கல. அவ்வளவுதான்."

"ஜோஷு..."

"ஒன் வக்கீல் சன்னதக் கையில வச்சிக்கிட்டு அம்மை ஜெபக்கூட்டத்துல எவ்வளவு பெருமை பீத்திருக்கா. அதக் கெடுக்கச் சொல்லுதியா? நான் போகாட்டி தோஹா எங்கயும் ஓடிராது."

கேலிபோலத்தான் சொன்னான். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். அது ஒரு வசதி. முகத்தை அதற்குள் வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவள் கோர்ட் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். ஜோஷுவா போனில் கூப்பிட்டான். 'அக்கா, ஒரு குட்டியானக்காரரு ரூவா இல்லங்காரு. உள்ள ஒரு பொம்பள இருக்கு, மேலுக்கு ரொம்ப முடியல போல. திறந்துவிடவா?' என்று கேட்டான். அவள் கட்சிக்காரர் அவளைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் சொன்னது இவ்வளவுதான்: 'எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான். திறக்காத.' பதினைந்து நொடி இருக்குமா? இருக்காது.

சீவலப்பேரி போகும்வரை ஒரு டவுன் பஸ் அவளுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. முந்தவில்லை. முந்தினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று இருந்தது.

ஐயம்பெருமாள் வீடு வாழைத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. ஓட்டு வீடு, ஒற்றை அறை, முன்னால் தகரக் கூரை இறக்கிய இடத்தில் அடுப்பு. குட்டியானை வேப்பமரத்தடியில் நின்றது. பின்பக்கம் பழைய வாழைச்சருகு காய்ந்து சுருண்டு கிடந்தது. பன்னிரண்டு நாளாக லோடு ஏற்றவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. முன்னால், கண்ணாடிக்குக் கீழே, அந்தச் சங்கிலி. பூட்டு அதில் தொங்கியது. சாவி பூட்டிலேயே இருந்தது. மறுநாள் வண்டியைத் திறந்துவிடப் போன ஜோஷுவா, எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

ஐயம்பெருமாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு ஊற்றி ஊற்றி, நிமிராமலே கேட்டார்.

"வக்கீலம்மா வருவாங்கன்னு ஸ்டேஷன் ஏட்டையா போன்ல சொன்னாரு. உக்காருங்க. நாற்காலில கோழி ஏறிருக்கும், தட்டிட்டு உக்காருங்க."

அவள் கைப்பையையும் சாத்துக்குடியையும் நாற்காலியில் வைத்துவிட்டு நின்றாள்.

"அண்ணாச்சி, நான் என்ன சொல்லுததுன்னு..."

"பேப்பரு கொண்டாந்திருப்பீங்கள்லா. அதக் காட்டுங்க முதல்ல."

கஞ்சியை வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். உதடு அசைய வாசித்தார். எவ்வித வற்புறுத்தலுமின்றி என்ற இடத்தில் நின்று, மறுபடி அதையே வாசித்தார். பின் தாளைத் திருப்பிப் பார்த்தார். கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டினார்.

"என்ன தேடுதீங்க, அண்ணாச்சி?"

"இதுலயும் உத்தரவுப்படின்னு போட்டிருக்கான்னு பாத்தேன்."

தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் மேலே சொன்னார்.

"நான் நாலாப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அன்னைக்கு அந்தப் போர்டு முழுசும் வாசிச்சேன் வக்கீலம்மா. கோவத்துல ஜாக்கிக் கம்பியக் கையில எடுத்துட்டேன். ரெண்டு போடு போட்டா விட்டிருக்கும். அப்பத்தான் கீழ்வரி கண்ணுல பட்டுச்சு. உத்தரவுப்படி. கலெக்டர் உத்தரவோ, கோர்ட்டு உத்தரவோ, நமக்கு என்னவே தெரியும்னு கம்பியக் கீழ வச்சிட்டேன்."

கோழி ஒன்று சாத்துக்குடிப் பையைக் கொத்தியது. அவர் அதை விரட்டவில்லை.

"ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லணும். ஒடைச்சிருக்கலாமா?"

ஸ்வீட்லின் இதற்குத் தயாராக வரவில்லை. பணம் எவ்வளவு என்று கேட்பார், சாபம் விடுவார், அழுவார் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தாள். கூடாது என்று சொன்னால் அவர் மனசு கொஞ்சம் ஆறும். சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனுஷனாக அன்றைக்கு நின்றோம் என்று இருக்கும். ஆனால் அது பொய். இவரிடம் ஏற்கெனவே ஒரு பொய்யைத் தகரத்தில் எழுதி மாட்டியாயிற்று.

"ஒடைச்சிருக்கலாம்," என்றாள். "அந்தப் பூட்டுக்கு ஒரு சட்டமும் கிடையாது. யாரு உத்தரவும் கிடையாது. உயிருக்குப் போராடிக்கிட்டு ஒருத்தி உள்ள இருக்கும்போது நீங்க ஒடைச்சிருந்தா ஒருத்தரும் உங்களத் தப்பு சொல்லியிருக்க முடியாது."

ஐயம்பெருமாள் தலையை ஆட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தார், வைத்தார்.

"அப்ப நானும்தான," என்றார். "ஆட்டோ முதல்லயே நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதுல ஏத்தாம என் வண்டிய விடு, என் வண்டிய விடுன்னு சண்ட போட்டுக்கிட்டு நின்னவன் நான்தான."

"இல்ல அண்ணாச்சி, நீங்க..."

"நீங்க எனக்குச் சமாதானம் சொல்லாதீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை.

அவர் மேற்கூரையில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். தாளைக் குட்டியானையின் முன்பக்கத்தில், சங்கிலிக்குப் பக்கத்தில் விரித்தார். அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காகத் தன்மேல் வெறுப்பும் வந்தது.

பேனா தாளைத் தொடவில்லை.

"உங்க தம்பி மோசமான ஆளு இல்ல. நான் சொன்னதும் சாவியக் கையில எடுத்துட்டாரு. எடுத்துட்டு, ஒரு நிமிஷம் பொறுங்கன்னு போனப் போட்டாரு. பேசிட்டு வந்தவரு சாவியச் சட்டைப்பைக்குள்ள போட்டுட்டாரு. என் மூஞ்சியப் பாக்கல. ஸ்டேஷன்ல கேட்டா, நான் யாருட்டயும் பேசலங்காரு." நிமிர்ந்தார். "யாருட்ட பேசினாரு?"

நாலு மணி. தோஹா. ஜெபக்கூட்டத்தில் அம்மா. டைரியில் குனிந்துகொண்ட அப்பா. தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். பேனா திறந்தே இருந்தது.

"எங்கிட்டதான்," என்றாள் ஸ்வீட்லின்.



"உள்ள ஆளு இருக்குன்னு சொன்னாரா?"

"சொன்னான். ரொம்ப முடியலன்னும் சொன்னான். திறந்துவிடவான்னு கேட்டான்."

"நீங்க?"

"எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான், திறக்காதன்னு சொன்னேன்."

வாழைத்தோட்டத்தில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

ஐயம்பெருமாள் பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. அடிக்கவும் வரவில்லை. அடித்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"உள்ள வாங்க," என்றார். "அவளப் பாக்காமப் போனா எப்படி?"

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே போனாள். கைப்பை நாற்காலியிலேயே இருந்தது, போனும் அதற்குள்.

ஒரே ஜன்னல். கயிற்றுக் கட்டிலில் சந்தனமாரி கிடந்தாள். நாற்பது வயதுக்காரிக்குத் தலை வாரி, பின்னி, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஆண்கை பின்னிய பின்னல், ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து. வாயின் ஓரம் கீழே இழுத்திருந்தது. கண் மட்டும் சரியாக இருந்தது. அது ஸ்வீட்லினை மேலிருந்து கீழாகப் பார்த்தது. யார் நீ என்று கேட்டது. அதில் ஒரு கோபமும் இல்லை. தெரிந்தால்தானே கோபம்.

பின்னால் சங்கிலி சத்தம் கேட்டது. திரும்பினாள். ஐயம்பெருமாள் வாசலுக்கு வெளியே நின்றார். கையில் சங்கிலி, பூட்டு.

"அன்னைக்குப் பதினொண்ணு இருவதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அவ அந்தச் சீட்டுல இருந்தா. நாப்பது நிமிஷம். நீங்களும் இருங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் பூட்ட மாட்டேன்."

"அண்ணாச்சி, மணி மூணே கால். நாலு மணிக்கு என் தம்பி ஸ்டேஷன்ல..."

"தெரியும். தனியா நிப்பாரு. நானும் அங்கன தனியாத்தான் நின்னேன்."

"கையெழுத்து?"

"போடுதேனா இல்லையான்னு திறக்கும்போது சொல்லுதேன். அதுக்குள்ள அவட்ட யாருன்னு சொல்லுங்க. பேச்சுத்தான் வராது. காது நல்லாக் கேக்கும்."

ஒருவரை இப்படி அடைத்து வைப்பது குற்றம். எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்பது அவளுக்கு மனப்பாடம். கட்டிலின் பக்கம் ஒரு மரமுக்காலி கிடந்தது. அதை இழுத்து உட்கார்ந்தாள். வெளியே நாற்காலியில் அவள் போன் அடித்தது. ஜோஷுவாவாகத்தான் இருக்கும். அடித்து அடித்து நின்றது.

கதவு சாத்திக்கொண்டது. கொண்டி வளையத்துக்குள் சங்கிலி ஏறியது. மூன்று வருஷமாக ஜோஷுவா வாராவாரம் எண்ணெய் விட்டு வைத்திருந்த பூட்டு. சத்தமே இல்லாமல் விழுந்தது.